பெயரில்லாத படம்

என்னிடம் ஒரு பத்திரிகை நறுக்கு இருக்கிறது. 2017 மார்ச் மாதத்துக்குரியது. படம் நான் எடுத்தது. படத்தின் கீழுள்ள ஒற்றை வரியும் நான் எழுதியதுதான்: ‘காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்துடன் கிளிநொச்சியில் ஒரு தாய்.’ பத்திரிகைத் தொழிலில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒருவன் யோசிக்காமலே எழுதக்கூடிய வரி. அதில் பிழை என்று எதையும் காட்ட முடியாது. இடம் இருக்கிறது, செய்தி இருக்கிறது. தாயின் பெயரும் இல்லை, மகனின் பெயரும் இல்லை.

அந்த நாட்களை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். 2017 ஜனவரி 23ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் பதினான்கு பேர் வவுனியாவில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நான்காம் நாள் அரசாங்கத் தரப்பிலிருந்து வாக்குறுதி வந்தது, உண்ணாவிரதம் நிறுத்தப்பட்டது. பெப்ரவரி 9ஆம் திகதி கொழும்பில் நடந்த பேச்சு ஒன்றுக்கும் உதவவில்லை. பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கியது. 24ஆம் திகதி வவுனியாவில் ஏ9 வீதியோரம் இன்னொன்று, மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவில் மற்றொன்று. இதற்கெல்லாம் சற்று முன்பே, ஜனவரி 31ஆம் திகதி, கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் காணிகளை மறித்து நின்ற விமானப்படை முகாமின் எதிரே வீதியில் குந்திவிட்டார்கள். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கிடந்து, மார்ச் முதலாம் திகதி பிலக்குடியிருப்புக் காணிக்குள் காலடி வைத்தார்கள். வன்னியில் அந்த மாதங்களில் நடந்த அரசியல் முழுவதும் வீதியோரத்தில்தான் நடந்தது.

நான் கிளிநொச்சிக்குப் போன அன்று மாலைக்குள் செய்தியை அனுப்பியாகவேண்டும். தறப்பாள் போட்ட கொட்டகை. உள்ளே பாயில் ஐம்பது, அறுபது பேர். கயிற்றில் வரிசையாகத் தொங்கிய படங்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் தன் மடியில் இருந்த படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் ஒளி விழுந்தது. மூன்று தடவை அழுத்தினேன். இரண்டு நிமிடங்கூட ஆகியிராது.

ஓகஸ்ட் மாதம் மறுபடி போனேன். அந்தத் தாய் என்னை அடையாளங்கண்டு அருகில் அழைத்தார். பொலித்தீன் பைக்குள்ளிருந்து அந்தப் பத்திரிகை நறுக்கை எடுத்தார். மகிழ்ச்சியோடு காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“தம்பி, இது ஆர்?”

“நீங்கள்தான் அம்மா.”

“ஆரெண்டு எழுதியிருக்கோ? ஒரு தாயெண்டு கிடக்கு. இஞ்ச இருக்கிற எல்லாரும் ஒரு தாய்தான். நான் என்ர முகத்தைக் காட்டவோ வெயிலுக்க இருக்கிறன்? இவன்ர பேர் எங்க?”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. பெயரை எழுதி அனுப்பினேன், அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பொய் நாவின் நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. நான் பெயரைக் கேட்கவே இல்லை. அதுதான் உண்மை.

வவுனியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நினைவு வந்தது ஓர் அமெரிக்கப் படம். பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்கு வரலாறு படித்தபோது, 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிய பாடநூலில் கண்ட படம். பாடம் மறந்துவிட்டது, படம் மறக்கவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி எங்கோ பார்க்கும் ஒரு பெண், இரு புறமும் முகத்தை மறைத்துச் சாய்ந்திருக்கும் பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ‘புலம்பெயர் தாய்’ என்று உலகம் அறிந்த படம். எடுத்தவர் டொரத்தியா லாங். 1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கருகியதால் பசியில் கிடந்த கூலிகளின் முகாமில் எடுத்தது.

அதுவும் வீதியோரப் படந்தான். லாங் அம்மையார் ஒரு மாத வேலையை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து ஏறக்குறைய இருபது மைல் போனபிறகு மனம் கேளாமல் காரைத் திருப்பினார். ஒரு சில படங்கள் எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரை அவரும் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார். படத்தால் வந்த சோறு படத்தில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. 1978இல்தான் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அவரைக் கண்டுபிடித்தது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற செரோக்கி இனப் பெண். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக உலகமே பார்த்த முகத்துக்கு அப்போதுதான் பெயர் வந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. 1983இல் காலமானார். 1998இல் அதே படத்தை அமெரிக்கத் தபால் திணைக்களம் முத்திரையாக வெளியிட்டது.

லாங்கும் வோக்கர் எவன்ஸும் ஆர்தர் ரொத்ஸ்டைனும் அக்காலத்தில் அரசாங்கச் சம்பளத்தில் படம் எடுத்தவர்கள். விவசாயப் பாதுகாப்பு நிருவாகம் என்ற அமைப்பின் ஒளிப்படப் பிரிவுக்கு ரோய் ஸ்ட்ரைக்கர் என்பவர் பொறுப்பாக இருந்தார். காரில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பி, வறண்ட நிலத்தை விட்டு மேற்கே போன மக்களை அவர் பதிவு செய்வித்தார். சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. ஓர் அரசு தன் ஏழைகளைத் தானே படம்பிடித்து வைத்தது என்பது பெரிய காரியம். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தமக்குப் பிடிக்காத படச்சுருள்களில் ஸ்ட்ரைக்கர் துளை குத்தி விடுவாராம். வயலில் நிற்கும் உழவனின் முகத்தில் வட்டமாக ஒரு கரும்புள்ளி விழுந்த படங்களை இன்றும் காணலாம். எது தங்கவேண்டும் என்பதை நிற்பவன் தீர்மானிப்பதில்லை.

லாங் 1937இல் எடுத்த இன்னொரு படம் எனக்கு மிகப் பிடித்தது. லொஸ் ஏஞ்சலஸ் நோக்கிய நெடுஞ்சாலையில் இரண்டு ஆண்கள் மூட்டையோடு நடந்துபோகிறார்கள். பக்கத்தில் ஒரு ரயில் கம்பனியின் பெரிய விளம்பரப் பலகை: அடுத்தமுறை சுகமாக ரயிலில் சாய்ந்துகொண்டு போங்கள் என்பது அதன் பொருள். 2010இல் ஏ9 வீதி பொதுமக்களுக்கு மீண்டும் வழிவிட்ட காலத்தில் கிளிநொச்சியைக் கடந்தவர்கள் இப்படத்தைப் பார்த்தால் புன்னகைப்பார்கள். கூரையில்லாத வீடுகள், அவற்றின் முன்னால் வங்கிகளின், தொலைபேசிக் கம்பனிகளின் பளபளப்பான பலகைகள். அப்போது அந்த வீதியில் அதிகம் படம்பிடிக்கப்பட்டது மனிதர்கள் அல்லர். விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதன் முன்னே குடும்பத்தோடு நின்று படம் எடுத்தார்கள். அருகில் நினைவுப்பொருள் கடையும் இருந்தது. அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. வழியில் எதைக் காட்டினார்களோ அதைத்தான் எடுத்தார்கள்.

காட்டாதவையும் உண்டு. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று மக்கள் அவர்களது அலுவலக வாயிலில் திரண்டார்கள். அதன் பிறகு வெளியாரின் கமரா வன்னியில் அரிதாயிற்று. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்துவந்த மக்களை எடுத்த கமராக்கள் இராணுவத்தின் பக்கம் இருந்தன. கையளித்த பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றியதைத் தம் கண்ணால் கண்ட தாய்மார் கேட்பது இதைத்தான்: நாங்கள் கண்டோம், நீங்கள் படமும் எடுத்தீர்கள், ஆட்கள் எங்கே?

பாலம் என்றதும் இன்னொரு பாலம் நினைவில் எழுகிறது. 1965 மார்ச் 7ஆம் திகதி, அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களைப் பொலிஸார் அடித்து நொறுக்கினார்கள். அங்கே கமராக்கள் இருந்தன, பத்திரிகையாளரின் கமராக்கள். அன்றிரவே நாடு பார்த்தது. இரண்டு வாரம் கழித்து, 80ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக மொன்கொமரி வரை 54 மைல் நடந்தார்கள். ஜேம்ஸ் கராலஸ் எடுத்த படத்தில், இருண்ட மழைமேகத்தின் கீழ் வரிசை வரிசையாக மனிதர்கள் போகிறார்கள். கையில் அமெரிக்கக் கொடிகள். ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூன் 6ஆம் திகதி, தனியொருவராக நடைபயணம் தொடங்கிய ஜேம்ஸ் மெரடித் மிசிசிப்பியின் 51ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சுடப்பட்டு விழுந்தார். வீதியில் ஊர்ந்தபடி வேதனையில் வாய் திறந்த அவரது படத்தை ஜாக் தோர்னெல் எடுத்தார். புலிட்சர் பரிசு கிடைத்தது. மெரடித் உயிர்பிழைத்து, அந்த நடைபயணம் முடிவதற்கு முன் தாமும் வந்து சேர்ந்துகொண்டார்.

அமெரிக்கக் கொடியைச் சொன்னேன் அல்லவா? வவுனியாக் கொட்டகையிலும் அது தொங்கியது. அமெரிக்கக் கொடி, ஐரோப்பிய ஒன்றியக் கொடி, சில நாட்களில் ட்ரம்பின் படங்கூட. பத்திரிகை வட்டாரத்தில் அதை வைத்து நிறையக் கேலி நடந்தது; சிரித்தவர்களில் நானும் ஒருவன். கராலஸின் படத்தை மீண்டும் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. செல்மா மக்கள் தங்களை அடித்த அரசின் கொடியையே பிடித்துக்கொண்டு, இது எங்களுடையதும்தான் என்றார்கள். வன்னித் தாய்க்கு அப்படிப் பிடிப்பதற்கு ஒரு கொடி இல்லை. ஆகவே, யாருக்கு வலிமை இருக்கிறது என்று கேள்விப்பட்டாரோ அவரது கொடியைப் பிடித்தார். அந்தக் கொடியால் ஒன்றும் வராது என்று இன்றும் நான் நினைக்கிறேன். கேலி செய்ததுதான் தவறு.

கமரா பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். ஏர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பின ஒளிப்படக்காரர், 1968இல் மெம்பிஸ் நகரசுத்தித் தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டைகளோடு நின்ற புகழ்பெற்ற படத்தை எடுத்தவர். போராட்டத் தலைவர்கள் அவரைத் தம் வீட்டாளாக நம்பினார்கள். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல், மெம்பிஸ் பத்திரிகை ஒன்று வெளிப்படுத்தியது: எஃப்.பி.ஐ.க்குத் தகவலும் படமும் கொடுத்துவந்தவர் அவர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதற்கு ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. எதிர்ப்பக்க மரநிழலில் மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு, கைத்தொலைபேசியை உயர்த்தி ஒவ்வொரு முகமாக எடுப்பார்கள். நானும் அதே கோணத்தில் நின்றுதான் எடுத்தேன். எங்களுக்குள் உள்ள வேறுபாடு எனக்குத் தெரிந்ததுதான். முன்னால் பாயில் இருந்த தாய்க்கு அது எப்படித் தெரியும்?

1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயது எமெற் ரில்லின் தாய், சிதைந்த மகனின் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சிக்காகோவில் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார். ‘ஜெற்’ சஞ்சிகை அந்தப் படத்தை வெளியிட்டது. கறுப்பின மக்களின் ஒரு தலைமுறையையே அது எழுப்பிவிட்டது என்பார்கள். அந்தத் தாய்க்குக் காட்டுவதற்கு ஓர் உடல் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவனின் தாய்க்கு அதுவும் இல்லை. அவரிடம் இருப்பது உயிரோடு இருந்தபோது எடுத்த படம். சிரித்துக்கொண்டிருக்கும் படம்.

அந்தப் படங்களைப் பற்றி யாரும் எழுதியதாக நான் காணவில்லை, எழுதப்படவேண்டியவை அவை. ஒன்று தேசிய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது, புள்ளிகள் தெரியும். ஒன்று பாடசாலைக் குழுப் படத்திலிருந்து வெட்டியது; தோளில் வேறொருவனின் கை மிஞ்சியிருக்கும். ஒன்று அக்காவின் கலியாண வீட்டுப் படம். ஓரத்தில் கூறைச்சேலையின் சரிகை ஓடும். இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வில் அல்பம் எல்லாம் போய், காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரு பைக்குள் முடிந்து மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் தாண்டி வந்தவை. பின்னர் ஸ்ரூடியோவில் கொடுத்து, வெள்ளைச் சட்டை போடுவித்து, பின்னணியை நீலமாக்கி, லமினேற் செய்தார்கள். வெயிலில் தொங்கும் படத்தில் சிவப்பு நிறம் முதலில் போகும். இரண்டாம் வருடத்தில் முகங்கள் நீலம்பாரித்துவிட்டன. மறுபடி அச்சடித்தார்கள். அவையும் வெளுத்தன.

அந்தத் தாயின் மகன் படம் அடையாள அட்டைப் படம். பெயரை ஓகஸ்டில் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறந்த திகதி, படித்த பாடசாலை, எங்கே யாரிடம் கையளிக்கப்பட்டார் என்பதெல்லாம். எழுதும்போது ஒரு சொல்லை அவர் திருத்தினார். ‘காணாமல் போன’ என்று தொடங்கினேன். “போகேல்லை தம்பி, ஆக்கினவை” என்றார். சட்டம் போட்ட அலுவலகத்துக்கே ‘காணாமற்போன ஆட்கள்’ என்று பெயர் வைத்திருந்த காலம் அது.

அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், ஜூன் 12ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உறவினர்களைச் சந்தித்து, சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடச் செய்வதாகச் சொல்லியிருந்தார். பட்டியல் வரவில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரு லட்சம் ரூபா இழப்பீடு என்றது; தாய்மார் வேண்டாம் என்றார்கள். 2025 பெப்ரவரியில் கிளிநொச்சிப் போராட்டம் எட்டு ஆண்டைக் கடந்தது. அந்த எட்டு ஆண்டுக்குள் பிள்ளையைத் தேடிய பெற்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

என் படத்தில் இருந்தவரும் இறந்துவிட்டார். நீரிழிவு, பிறகு சிறுநீரகம். செய்தி கிடைத்துப் போனேன். சடங்கெல்லாம் முடிந்த ஒரு மாலை, அவரது மகளிடம், அம்மாவின் பெயரையும் தம்பியின் பெயரையும் போட்டு விரிவாக எழுதப்போகிறேன் என்றேன். அம்மாவுக்கு நான் கடன்பட்டவன் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பேர் போடாதையுங்கோ அண்ணை” என்றார். கணவர் தூரத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் பெண்கள். போன மாதமும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, இன்னும் போராட்டத்துக்குப் போகிறீர்களோ என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

பெயரில்லை என்று தாய் கோபித்தார். பெயர் வேண்டாம் என்று மகள் கேட்கிறார். இரண்டும் நியாயம். இங்கே இன்னும் பெயர் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே. இம்முறை கேட்டு அறிந்து, குறிப்பேட்டில் முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு எழுதாமல் விடுகிறேன். வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

புறப்படும்போது மகள் ஓர் உதவி கேட்டார். கொட்டகையில் இறந்துபோன தாய்மாரின் படங்களையும் ஒரு வரிசையாக வைத்திருக்கிறார்கள். அம்மாவின் படமும் வைக்கவேண்டும். ஆனால் அவர் தனியாக எடுத்த படம் ஒன்றுமே இல்லை. “நீங்கள் எடுத்தது நல்ல படம்.” மூலப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். ஸ்ரூடியோக்காரர் முகத்தை மட்டும் வெட்டி, பின்னணியை நீலமாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அடுத்தமுறை கிளிநொச்சிக்குப் போனபோது பார்த்தேன். மேல்வரிசையில் மூன்றாவதாக இருந்தது. படத்தின் அடியில், இடது மூலையில், வெட்டியவர் கவனிக்காமல் விட்ட ஒரு துண்டு. அவர் நெஞ்சோடு பிடித்திருந்த மகனின் படத்தின் மேல் ஓரம். தலைமயிர் கொஞ்சம் தெரிந்தது.